நிலம் நோக்கும் கண்கள்

நம் சிறார்க்கு அணுவிரதங்களைச் சொல்லிக்கொடுக்கும்போது கொல்லாமையை முதலில் வைத்து, "தெரிந்து எவ்வுயிரையும் கொல்லாதே" என்று சுருக்கமாகக் கூறிவிட்டு மேலே சென்றுவிடுகிறோம். தெரியாமல் நிகழும் கொலை என்னாவது என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால், தெரியாமல் நடந்ததற்கு யார் என்ன செய்ய இயலும் என்று சொல்லி அதன் வாயை அடைத்துவிடுவதும் உண்டு. வாயடைக்க முடியாத ஒருவரிடமிருந்து அவ்வினா நம்மை நோக்கி வந்தபோதுதான், நாம் இதுநாள்வரை அதனை எவ்வளவு எளிதாகக் கடந்து வந்திருக்கிறோம் என்பது விளங்கிற்று. வினா எழுந்த இடம் நம் ஊர்க் கழனி வரப்பன்று, ஜினாலயத்துத் திருச்சுற்றுமன்று. பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையுடைய ஒரு கிறித்துவத் துறவியர் மடத்தின் வாயிலில் அது எழுந்தது.

நம் உறவினர் மகள் ஒருத்தி அந்நாட்டு டிஜோன் நகரில் பணிபுரிகிறாள். பகல் முழுதும் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் வேலை. உடல் சோர்வு நீங்க ஓடத் தொடங்கியவள், நாளடைவில் அதனை விரும்பியே செய்பவளாகி, விடுமுறை நாள்களில் ஊர்ப்புறப் பாதைகளில் பத்து, பன்னிரண்டு கி.மீ. ஓடுகிறாள். சென்ற ஆண்டு வைகாசியில் நாம் மூன்று வாரம் அவள் இல்லத்தில் தங்கியிருந்தோம். அவள் ஓடும் வழிகள் எல்லாம் ஏதேனும் ஒரு பழைய கோயிலையோ மடத்தையோ ஒட்டியே செல்வதைக் கண்டு காரணம் கேட்டோம். "பக்தியினால் அன்று, பெரியப்பா. இந்த நாட்டில் பழைய கோயில் இருக்கும் இடத்தில் பழைய பாதையும் இருக்கும். பழைய பாதையில் கார் வராது" என்றாள்.

அவள் கூறியது உண்மையே. இடைக்காலத்தில் அம்மடங்களுக்கு யாத்திரிகர் நடந்து வந்தனர். தானியமும் மதுவும் கல்லும் வண்டிகளில் வந்தன. அவ்வழிகள் பல இன்றும் மண்வழிகளாகவே உள்ளன. 1947 முதல் நெடுந்தொலைவு நடைவழிகளுக்கு வெள்ளையும் சிவப்புமாக இரு கோடுகள் தீட்டி அடையாளமிடும் வழக்கம் அங்கு ஏற்பட்டது. மரத்திலும் பாறையிலும் வேலிக்காலிலும் அக்கோடுகளைக் காணலாம். நடப்பவர்க்காக ஏற்பட்ட அவ்வழிகளில் இப்போது ஓடுபவரையும் காண்கிறோம். நாம் ஓடவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவள் ஓடிச் சேரும் இடத்திற்கு வண்டியில் சென்று, கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாயிலில் அமர்ந்திருப்பது நம் வழக்கமாயிற்று.

முதலில் சென்றது வெசலே என்னும் குன்றூர். குன்றின் உச்சியில் மகதலா மரியாளின் பெருங்கோயில் நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1840 முதல் வியொலே லெ துக் என்னும் கட்டடக் கலைஞர் அதனைச் செப்பனிட்டார். 1979இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோவுக்குச் செல்லும் பழைய யாத்திரை வழிகளுள் ஒன்று இங்கே தொடங்குகிறது. ஓடுபவர்கள் குன்றிலிருந்து இறங்கி, கூர் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில் உள்ள சேன் பேர் என்னும் சிற்றூரின் அழகிய கோயிலைக் கடந்து, ஆற்றோரமாகச் சென்று, மீண்டும் குன்றேறுகின்றனர். அக்குன்றின் சரிவில்தான் 1146ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று பெர்னார் என்னும் துறவி, மன்னன் ஏழாம் லூயி முன்னிலையில், பெருங்கூட்டத்தை நோக்கி இரண்டாம் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார். பசும்புல் சரிவும் குருவியொலியுமாக இருக்கும் அவ்விடத்தில் அதனைக் கேள்வியுற்றபோது நமக்கு மனம் கனத்தது. அந்த பெர்னார் ஆடம்பரத்தைக் கடிந்தவர். எளிய உணவும் கடுந்தவமும் உடையவர். உணவில் அடக்கம் கொண்ட ஒருவர் போரில் அடக்கம் கொள்ளாதது எப்படி என்று நாம் வியப்பதுண்டு. ஆனால் நம்மவர் வரலாற்றிலும் வாளேந்திய சமண மன்னரும் படைத்தலைவரும் இருந்தனர் என்பதை நினைத்து, அந்த வியப்பை அடக்கிக்கொண்டோம்.

மற்றொரு நாள் க்ளூனிக்குச் சென்றோம். 910 அளவில் தோன்றிய மடம் அது. 1088இல் தொடங்கிக் கட்டப்பட்ட அதன் மூன்றாம் கோயில் 187 மீட்டர் நீளமுடையது. ரோமாபுரியில் புனித பேதுரு பெருங்கோயில் புதிதாக எழும்வரை கிறித்துவ உலகில் அதனினும் பெரிய கோயில் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1798இல் அது விற்கப்பட்டது. வாங்கியவர்கள் கல்லுக்காகவே அதனை இடித்தனர். இன்று பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒற்றைச் சிறகும் அதன்மேல் ஒரு கோபுரமும் நிற்கின்றன. அதன் அருகே, கைவிடப்பட்ட ரயில் தடத்தின்மீது தார் வழி ஒன்றை 1997இல் திறந்தனர். காருக்கு இடமில்லாத அவ்வழி க்ளூனியிலிருந்து வடக்கே தேஸே என்னும் குன்றூரின் அடிவாரத்தை ஒட்டிச் செல்கிறது. அங்கும் ஒரு சிறு பழங்கோயில் உண்டு. ஓடுவதற்கு அதனினும் இனிய வழி வேறில்லை என்பது நம் பெண்ணின் கருத்து.

மூன்றாவதாகச் சென்ற இடமே நம் கட்டுரைக்குக் காரணமானது. மோன்பார் என்னும் ரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 6 கி.மீ. தொலைவில், காடு சூழ்ந்த ஊற்றுப் பள்ளத்தாக்கில், ஃபொந்தெனே மடம் உள்ளது. மேற்கூறிய பெர்னார் 1118இல் நிறுவியது. அதன் கோயில் 1147இல் அருட்பொழிவு பெற்றது. வண்ணக் கண்ணாடி இல்லை. வானளாவிய கோபுரம் இல்லை. வெறும் கல்லும் வெளிச்சமும்தான். துறவியர் தாமே உழைத்த இரும்புப் பட்டறையும் நீரோடையோடு அருகே இருக்கிறது. புரட்சிக்குப் பின் இம்மடம் காகித ஆலையாயிற்று. 1906இல் அதனை வாங்கிய எதுவார் எய்னார் என்பவர் ஆலைக் கட்டடங்களை அகற்றி, பழைய வடிவை மீட்டார். நம் திருமலையிலும் பொன்னூர் மலையிலும் கிடைக்கும் அமைதியை ஒத்த அமைதி அங்கு நிலவுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

முந்தின இரவு மழை பெய்திருந்தது. நம் பெண் மோன்பாரில் இறங்கி விடியற்காலையிலேயே காட்டுவழியாக ஓடி வந்தாள். நாம் வாயிலருகே காத்திருந்தோம். வந்தவள் வழக்கம்போல் சிரிக்கவில்லை. கல்மேல் அமர்ந்து ஒரு காலணியைக் கழற்றி அதன் அடிப்புறத்தைத் திருப்பிக் காட்டினாள். பழுப்பு நிற ஓட்டின் துண்டுகள் அதில் ஒட்டியிருந்தன.

பர்கண்டி நத்தை என்பது உலகெங்கும் பெயர்பெற்றது. பெயர்பெற்றது உணவுத் தட்டில் என்பது வேதனை. சுண்ணாம்பு நிலத்தையும் ஈரத்தையும் விரும்பும் அவ்வுயிர், வெயில் நேரத்தில் இலைக்குள்ளும் கல்லிடுக்கிலும் ஒடுங்கியிருந்து, இரவிலும் மழைக்குப் பிந்திய காலையிலும் வெளிவருகிறது. குளிர்காலம் முழுதும் ஓட்டின் வாயைச் சுண்ணாம்பு மூடியால் அடைத்துக்கொண்டு மண்ணுள் உறங்குகிறது. முதிர்ச்சி அடையவே சில ஆண்டுகள் ஆகின்றன. 1979இல் இயற்றிய ஓர் ஆணையால் பிரான்சில் ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை அதனைப் பிடிப்பது தடுக்கப்பட்டது. இனம் பெருகும் காலத்தில் காப்பது, பின்னர் உண்பதற்காகவே! இருப்பினும் மூன்று மாதமேனும் அதற்குக் காவல் கிடைத்ததே என்று ஆறுதல் கொள்ளலாம்.

நம் நூல்களுக்கு இவ்வுயிர் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் நந்தினை ஈரறிவுயிர்களோடு வைத்து எண்ணுகிறது. ஊறும் சுவையுமே அதற்குரிய அறிவுகள் என்பது ஆகமத்தின் துணிபு. கொம்பின் நுனியில் ஒளியை உணரும் உறுப்பு உண்டென்பர் இன்றைய உயிரியலார். அவ்வாராய்ச்சி இங்கு வேண்டா. செவி இல்லை என்பதில் இருசாராரும் ஒன்றுபடுவர். ஓடிவரும் காலடியின் ஓசை அதற்குக் கேளாது. ஒதுங்க வேண்டியவர் யார் என்பது இதிலிருந்தே பெறப்படும்.

"பெரியப்பா, நான் நினைத்துக் கொல்லவில்லை. இதற்கும் வினை உண்டா?" என்று அவள் கேட்டாள்.

அன்பர்கள் அறிந்ததே: கொலையை நம் ஆசாரியர்கள் நால்வகைப்படுத்துவர். எண்ணித் துணிந்து செய்வது சங்கற்பம். சமையல், வீடு முதலிய இல்வாழ்க்கைச் செயல்களில் நேர்வது ஆரம்பம். உழவு, வாணிகம் முதலிய தொழிலில் நேர்வது உத்தியோகம். தற்காப்பில் நேர்வது விரோதம். இல்லறத்தான் முற்றும் விடவேண்டியது முதலாவதை. ஏனைய மூன்றையும் இயன்ற அளவு குறைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஓட்டம் இவற்றுள் எதில் அடங்கும்? எண்ணிச் செய்த கொலையன்று. அடுக்களை வேலையுமன்று; தொழிலுமன்று; யாரும் அவளைத் துரத்தவுமில்லை. உடல்நலத்துக்காக என்றால் இல்வாழ்க்கைச் செயலில் ஒருவாறு அடக்கலாம். ஆயினும் காரணமின்றி நேரும் தீங்கையே தனியொரு விரதமாக வைத்து விலக்கியுள்ளனர் நம் முன்னோர். அனர்த்ததண்ட விரதம் எனப்படும் அதன் ஐந்து பிரிவுகளுள் ஒன்று பிரமாதசரியை, அதாவது சோர்வுடைய ஒழுக்கம். பயனின்றி மண்ணைக் கிளறுதல், நீரை இறைத்தல், செடியை ஒடித்தல் இவற்றோடு, பயனின்றித் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் சமந்தபத்திராசாரியார் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சேர்த்துள்ளார். அந்நூலைத் தழுவிய நம் தமிழ் அருங்கலச் செப்பை ஓதுகிற வீடுகளில் இது தெரிந்த செய்தியே.

இதனைக் கூறியதும் அவள் முகம் மேலும் வாடிற்று. நாமும் சற்று வெட்கினோம். கடல்கடந்து விமானத்தில் பறந்து வந்து, எவ்வித அவசியமும் இல்லாமல் ஊர் ஊராகக் கோயில் பார்த்துக்கொண்டிருக்கும் நாம், காலையில் ஒரு மணி நேரம் ஓடும் பெண்ணிடம் பயனின்றித் திரிதலைப் பற்றிப் பேசுவது பொருந்துமா? நாம் அமர்ந்து வந்த வாடகைக் காரின் முகப்புக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சிகளை யார் எண்ணினார்? அவள் ஒன்றைக் கொன்றாள், ஓசை கேட்டது, வருந்தினாள். நாம் பலவற்றைக் கொன்றோம், ஓசை கேட்கவில்லை.

ஆகவே வேறொரு விடையைத் தேடினோம். பொன்னூர் மலையில் தவமியற்றியவராக நாம் வணங்கும் குந்தகுந்தாசாரியார், பிரவசனசாரத்தில் இதற்கு மிகத் தெளிவான நெறி வகுத்துள்ளார். உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும், விழிப்பின்றி நடப்பவனுக்குக் கொலைவினை உறுதி; விழிப்போடு நடப்பவனுக்கு, அவனையும் மீறி ஓர் உயிர் அழிந்தாலும், அம்மாத்திரத்தால் வினைக்கட்டு இல்லை என்பது அவர் கருத்தின் சாரம். இது கேட்பதற்கு ஆறுதலாகத் தோன்றும். உற்று நோக்கினால் அச்சம் தரும். காலணியில் ஓடு ஒட்டிய அந்த ஒரு காலை மட்டும் கணக்கில் வரவில்லை. ஒன்றும் ஒட்டாத நூறு காலைகளும், அவற்றில் அவள் பாராமல் ஓடியிருந்தால், கணக்கில் வருகின்றன. நத்தையின் ஓடு நொறுங்கியபோது தவறு தொடங்கவில்லை. முன்பே இருந்த தவறு அப்போது தெரியவந்தது, அவ்வளவே.

இதனை அவளுக்கு விளக்கினோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னதை அப்படியே இங்கு தருகிறோம்: "எனக்கு வினை உண்டா இல்லையா என்பது விளங்கிற்று, பெரியப்பா. நத்தைக்கு என்ன விடை?"

இதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. ஆகமம் வகுத்த வினைக்கணக்கு செய்பவனின் உயிருக்கு என்ன நேரும் என்பதைச் சொல்கிறது. விழிப்போடு நடந்தவனுக்குக் கட்டு இல்லை என்பது மெய்யே. ஆனால் அவன் காலடியில் பட்ட உயிருக்கு அவன் விழிப்பாலோ விழிப்பின்மையாலோ வேறுபாடு ஒன்றும் இல்லை. அது இறந்துவிட்டது. நம்முள் பலர், நாமும் உட்பட, கொல்லாமையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் நம் கணக்கையே எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பதை அந்தப் பெண்ணின் வினா காட்டிவிட்டது.

மடத்தினுள் சென்றோம். நடுவே சதுர முற்றம். நாற்புறமும் தூண்வரிசையோடு மூடிய நடைச்சுற்று. துறவியர் நூலோதி நடந்த இடம். அவர்கள் பின்பற்றிய ஒழுக்கநூல், 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட் முனிவர் இயற்றியது. தமிழ்க் கத்தோலிக்கர் அவரை ஆசீர்வாதப்பர் என்பர். பணிவுக்குப் பன்னிரண்டு படிகள் கூறும் அந்நூல், கடைசிப் படியில் துறவி எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறது: இருந்தாலும் நின்றாலும் நடந்தாலும் தலை கவிழ்ந்து, பார்வை நிலத்தில் பதிந்திருக்க வேண்டும். இதனை முன்பு படித்தபோது, நம் முனிவரின் ஈரியா சமிதியே அங்கும் உள்ளது என்று மகிழ்ந்தோம். அந்த நடைச்சுற்றில் நின்றபோதுதான் வேறுபாடு புலப்பட்டது. பெனடிக்டின் துறவி தன் பாவத்தை நினைந்து, இறைவன் முன் நாணி நிலத்தைப் பார்க்கிறார். நம் முனிவர் எறும்பைத் தேடி நிலத்தைப் பார்க்கிறார். பார்வை ஒன்றே, ஒன்று தன்னை நோக்கியது, மற்றொன்று பிறிதோர் உயிரை நோக்கியது.

இதனைக் கூறி நம் நெறியே உயர்ந்தது என்று மார்தட்ட நமக்கு விருப்பமில்லை. ஏனெனில், "எனக்கு வினை சேருமோ" என்று அஞ்சி மட்டுமே நிலத்தைப் பார்க்கும் சமணனும் தன்னையே பார்க்கிறான்; எறும்பை அவன் பார்ப்பதில்லை, எறும்பின்மேல் எழுதப்பட்டுள்ள தன் கணக்கைப் பார்க்கிறான். ஓடுகிற பெண்ணும் நிலத்தைப் பார்த்தே ஓடுகிறாள். வேர் தடுக்கி விழாமல் இருப்பதற்காக. வேரைக் கண்ட கண்ணுக்கு நத்தை தெரியவில்லை. தேடாத பொருள் எதிரே கிடந்தாலும் தெரிவதில்லை.

மற்றொரு வேற்றுமையும் நம் சிந்தனையை இழுத்தது. பெனடிக்டின் நூல் துறவியருள் மிக இழிந்தவராகக் கருதுவது மடத்துக்கு மடம் சுற்றித் திரிந்து, மூன்று நாள் நான்கு நாள் தங்கி உண்பவரை. ஓரிடத்தில் நிலைத்திருப்பேன் என்பது அவர்களது உறுதிமொழி. வெளியே அலைவது ஆன்மாவுக்கு நல்லதன்று என்பதால் நீர், ஆலை, தோட்டம் அனைத்தும் மதிலுக்குள்ளேயே அமைய வேண்டும் என்கிறது அந்நூல். நம் முனிவர்க்கோ மழைக்காலம் நீங்க ஓரிடத்தில் நிலைத்துத் தங்குதல் ஆகாது. இருவரும் அஞ்சியது பற்றுக்கே. அலைந்தால் நாக்குக்கு அடிமையாவாய் என்றார் அவர். தங்கினால் இடத்துக்கு உரிமையாளன் ஆவாய் என்றனர் நம்மவர். க்ளூனியின் கதையைப் பார்த்தால் நம்மவர் அஞ்சியது பொய்யன்று. மடம் நிலைத்தது, நிலம் சேர்ந்தது, செல்வம் சேர்ந்தது. அதனைப் பொறாமலே 1098இல் சீத்தோ என்னும் காட்டிடத்தில் புதிய துறவியர் கூட்டம் பிரிந்து சென்றது. ஃபொந்தெனே அதன் வழிவந்ததே. நம்மிடையேயும் பட்டாரகர் மரபு மடத்தில் நிலைத்த மரபுதான் என்று ஒருவர் குறுக்கிடலாம். ஆம். அவர்கள் நிலைத்திராவிடில் நம் ஏடுகளும் கோயில்களும் எத்துணை எஞ்சியிருக்கும் என்பதையும் அவரே சொல்லட்டும்.

அலையும் முனிவரையும் நான்கு மாதம் நிறுத்துவது எது? மழை. ஈரம் பட்டதும் சிற்றுயிர்கள் வெளிவருகின்றன. நடந்தால் அவை மடியும். சாதுர்மாஸ்யம் என்பது அவ்வுயிர்களுக்காக ஏற்பட்ட நிறுத்தமே. வடநாட்டு மழையை ஒட்டி வகுத்த அக்காலம் ஐப்பசியில் முடிந்துவிடுகிறது. நம் தமிழ்நாட்டிலோ அப்போதுதான் அடைமழை தொடங்கும். விரதத்தின் நாளை நாம் பஞ்சாங்கத்தில் பார்க்கிறோம். மழைப்பூச்சி பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. பர்கண்டியிலோ பன்னிரண்டு மாதமும் மழையுண்டு. அங்குச் சாதுர்மாஸ்யம் எப்போது? இரவு மழை பெய்த ஒவ்வொரு காலையும் அங்குச் சாதுர்மாஸ்யமே என்று அவளுக்குச் சொன்னோம். அவள் முதன்முறையாகப் புன்னகைத்தாள்.

அதன்பின் இருவரும் அமர்ந்து, ஓட்டத்தை விடுவதா கொள்வதா என்று ஆராய்ந்தோம். விட்டுவிடு என்று சொல்வது எளிது. மூத்தோர்க்கு எப்போதும் கிட்டும் எளிய விடை அது. ஆனால் ஓடாத நாளில் அவள் நடந்து செல்லப் போவதில்லை; காரிலேறிச் செல்வாள். உடல் நோயுற்றால் நோன்பும் தானமும் எதைக்கொண்டு இயற்றுவது? எனவே நம் திக்குவிரதமும் தேசாவகாசிக விரதமும் துணைக்கு வந்தன. இத்திசையில் இவ்வளவே செல்வேன் என்று வாழ்நாளுக்கு எல்லை வகுப்பது முன்னது. இன்று இவ்வளவே என்று நாளுக்கு நாள் அதனைச் சுருக்குவது பின்னது. எல்லைக்கு வெளியே உள்ள உயிர்கள் அத்தனைக்கும் நம்மால் அச்சம் இல்லை என்பதே அவற்றின் பயன். ஓடும் வழியையும் அப்படி வரையறுக்கலாமே. எங்கும் ஓடாமல், நன்கு அறிந்த இரண்டு வழியில் மட்டும் ஓடினால், எந்த வளைவில் ஈரம் தங்கும், எந்தக் கல்லடியில் நத்தை இருக்கும் என்பது தெரிந்துவிடும்.

கணக்கும் போட்டுப் பார்த்தோம். முனிவர் நான்கு முழம் முன்னே பார்த்து நடப்பர். அது ஏறத்தாழ 1.8 மீட்டர். மணிக்கு 10 கி.மீ. ஓடுபவர் ஒரு நொடியில் 2.8 மீட்டர் கடக்கிறார். நான்கு முழம் அவருக்கு முக்கால் நொடியும் இல்லை. கண் கண்டு, மனம் அறிந்து, கால் விலகுவதற்கு அந்நேரம் போதாது. ஆகவே ஒன்று பார்வை நீள வேண்டும், அல்லது கால் தணிய வேண்டும். க்ளூனியின் தார் வழியில் ஐந்து, ஆறு மீட்டர் தொலைவிலேயே நத்தை தெரிந்துவிடும். ஃபொந்தெனேக் காட்டில், சென்ற ஆண்டுச் சருகுகளின் நடுவே, காலடியில் வரும்வரை தெரியாது. அதுபோல வெயிலேறிப் பாதை உலர்ந்த பிறகு அவை ஒடுங்கிவிடுகின்றன. பகலில், பலர் நடந்து பழகிய வழியில் செல்க என்று முனிவர்க்கு வகுத்த விதி எத்துணை நுட்பமான கவனிப்பிலிருந்து பிறந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தோம். இவ்வளவு காலம் அதனை மனப்பாடமாகவே ஒப்பித்து வந்தோம்.

திரும்பும்போது அவள் ஓடவில்லை. நாமும் காரை வேண்டாமென்று அனுப்பிவிட்டு, மோன்பார்வரை அவளோடு நடந்தோம். 6 கி.மீ. நடக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. முழங்கால் வலி மூன்று நாள் நீடித்தது. வழியில் பதினோரு நத்தைகளைக் கண்டோம். அகன்ற இலை ஒன்றைப் பறிக்காமல், கீழே உதிர்ந்து கிடந்ததை எடுத்து, அதில் ஏற்றி ஓரத்துப் புல்லில் விட்டாள். முதல் இரண்டை அருகிலிருந்த பக்கத்திலேயே விட்டவள், மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, பெரியப்பா?" என்று கேட்டாள். நாம் கவனிக்கவில்லை. அதன்பின் ஒவ்வொன்றையும் தூக்குமுன் குனிந்து, அதன் கொம்பு எத்திசை நோக்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள்.

அண்மையில் அவளிடமிருந்து மடல் வந்தது. இரண்டே வழிகளை வரையறுத்துக்கொண்டாளாம்; இரவு மழை பெய்தால் தார் வழி மட்டும்; அதிலும் மெல்லவே ஓடுகிறாளாம். ஒரு வினாவும் எழுதியிருக்கிறாள். மார்கழியில் அங்குச் சூரியன் உதிக்க எட்டு மணிக்கு மேலாகிறது. அதற்குள் அலுவலகத்துக்குக் கிளம்ப வேண்டும். மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு ஓடுவார் பலர். குளிர்காலத்தில் நத்தை மண்ணுள் உறங்குவதால் அதற்கு இடரில்லை. ஆயினும் விளக்கொளியைப் பகலாகக் கொள்ளலாமா, விளக்கை நாடிவரும் பூச்சிக்கு என்ன செய்வது என்று கேட்கிறாள். நாம் இன்னும் மறுமொழி எழுதவில்லை. ஆகமப் பயிற்சியுடைய அன்பர்கள் தம் கருத்தை இவ்விதழுக்கு எழுதினால் அவளுக்கு அனுப்பிவைப்போம். தை பிறக்குமுன் வந்தால் நலம்.